கூப்பிடாமல் வராத ரத்தக்காட்டேரி

எண்பத்து நாலாம் வருஷம், ராசாங்கத்தின் மாத நாவல் கடைக்கு வந்து ஆறு வாரம் கழித்து, அதை வெளியிட்ட பத்திரிகையின் ஆசிரியர் சென்னையிலிருந்து வாசகர் கடிதங்களை ஒரு பழுப்பு உறையில் போட்டு அனுப்பினார். அரியலூர் டுட்டோரியல் ஒன்றில் சரித்திரம் நடத்திக்கொண்டு, வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து கார்டு வருமென்று மூன்று வருஷமாகக் காத்திருந்தவன் ராசாங்கம். வகுப்பு முடிந்ததும் காலி பெஞ்சில் உட்கார்ந்து உறையைப் பிரித்தான்.

எல்லாமே ‘அன்புச் சகோதரி’ என்றோ அதைவிட மோசமாகவோ தொடங்கின. பெண் பெயர்தான் விற்கும் என்று ஆசிரியர் அவனுக்கு ‘வெண்ணிலாதேவி’ என்று பெயர் வைத்திருந்தார். ஏற்காட்டு பங்களாவில் தனியாக இருக்கும் ஒருத்தியை முந்நூறு வயது ரத்தக்காட்டேரி காதலிக்கிற கதை. சேலத்துக்காரர் ஒருவர் நாற்பத்தோராம் பக்கம் தனக்கு மனப்பாடம் என்று எழுதியிருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு மூன்று முறை படித்தும் அருவருப்புத் தீரவில்லையாம். காட்டேரி எங்கள் குலசாமி, பெண் தெய்வம், அதற்கு மீசை வைத்ததற்குக் கிடா வெட்டிப் பரிகாரம் செய்யுங்கள் என்று ஒருவர். ஏற்காட்டுக் குளிரில் அத்தனை முத்தமும் ஏன் தோட்டத்திலேயே நடக்கிறது என்று இன்னொருவர். போட்டோ கேட்டு இரண்டு பேர்.

காட்டேரி நின்றுகொண்டே இருக்கும் வாசற்படியைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

அந்தப் படிக்காகத்தான் அவன் கதையையே எழுதினான். திருச்சியில் படிக்கும்போது பார்த்த ஓர் இங்கிலீஷ் படத்தில், ரத்தம் குடிக்கும் பேய், வீட்டுக்காரர் கூப்பிடாமல் உள்ளே நுழைய முடியாது. தியேட்டரே பயந்துகொண்டிருந்தபோது ராசாங்கம் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தான். தா.பழூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் முப்பது வருஷம் உழைத்த அவன் அப்பா செல்லமுத்து அந்த வீட்டுப் படியை ஒருநாளும் தாண்டியதில்லை. குடும்பத்திலேயே முதல் பட்டத்தை வாங்கிக்கொண்டு காட்டப் போன அன்று, அவனும் படிக்குக் கீழேதான் நின்றான். ஊஞ்சலில் இருந்தபடியே பண்ணையார், நல்லாப் படிச்சிருக்கடா என்றார். அவ்வளவுதான். முத்தமெல்லாம் ஆசிரியர் கேட்டதற்காகச் சேர்த்தது. அவற்றையும் ரசித்துத்தான் எழுதினோம் என்பதை நினைக்க அவனுக்கே எரிச்சலாக இருந்தது.

உறையின் அடியில் ஆசிரியரின் கடிதம் இருந்தது. உடனே இரண்டாம் பாகம் வேண்டும். ஒரே ஒரு திருத்தம்: பேய் வாசலில் நின்று நின்று கதை இழுக்கிறது, இந்த முறை முதல் பக்கத்திலேயே ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிடட்டும்.

நேரே பஸ் ஸ்டாண்டுப் புத்தகக்கடைக்குப் போனான். கடைக்காரர் சிவசுப்பிரமணியனுக்கு அவன்தான் வெண்ணிலாதேவி என்று தெரியாது. புத்தகம் எப்படிப் போகிறது என்று கேட்டதற்கு, ஜெயங்கொண்டம் பஸ்ஸுக்காகக் காத்திருந்த பெண்ணைக் கூப்பிட்டார். சிந்தாமணி, மீன்சுருட்டிப் பக்கம் நிலபுலன் உள்ள வீட்டுப் பெண். ஆசிரியப் பயிற்சி படிக்கிறாள். கடையில் எது வந்தாலும் படித்துவிடுவாள்.

“அந்தப் பேய்க்கதை எப்படின்னு சார் கேக்குறாரும்மா.”

“கதை நல்லாத்தாங்க இருக்கு. அந்த ஆளுதான் சரியில்ல. முந்நூறு வயசு, அரண்மனைங்கறாங்க. வந்து நின்னா எங்க வூட்டுப் பண்ணையாளு மாதிரி படிக்குக் கீழ நின்னுக்கிட்டு, உள்ள வரட்டுங்களாங்குறான். எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு.”

“ரத்தத்தக்கூட தூக்கி ஊத்துனாத்தான் குடிப்பான் போலருக்கு” என்றார் கடைக்காரர்.

ராசாங்கத்துக்குக் காது சுட்டது. அத்தனை பேரில் இவள் ஒருத்திதான் அவன் எழுதியதைச் சரியாகப் படித்திருக்கிறாள். படித்துச் சிரித்திருக்கிறாள்.

“அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமேங்க” என்றான்.

“யாருங்க கூப்பிடுவா?”

பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல, மனதில் எதுவும் இல்லாமல்தான் கேட்டாள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டாம் பாகத்தை எழுத உட்கார்ந்தான். ‘ஜன்னல் திறந்திருந்தது. அவன்’ என்பதோடு பேனா நின்றது. கூப்பிடாத வீட்டுக்குள் போகிறவன் முதலில் எந்தக் காலை வைப்பான்? போனதும் எங்கே நிற்பான், உட்காருவானா? ராசாங்கம் அப்படி எங்கேயும் போனதில்லை. உடன் வேலை பார்ப்பவர்கள் வீட்டுக்குப் போனாலும், வாங்க சார் என்ற குரல் வருகிறவரை வாசலிலேயே நிற்கிறவன். மூன்று தாளைக் கிழித்துப் போட்டான். இது ரோஷமா, இல்லை தெரியாததுதானா என்று அவனுக்கே பிடிபடவில்லை. இரண்டாம் பாகம் கைவிட்டுப் போனால் வெண்ணிலாதேவியும் போய்விடுவாள் என்பது மட்டும் தெரிந்தது.

கடைசியில் ஒரு போஸ்ட் கார்டை எடுத்து, ‘எனக்கு அப்படி எழுத வரவில்லை’ என்று ஆசிரியருக்கு எழுதினான். ‘வரவில்லை’ என்பதை அடித்துவிட்டு ‘மாட்டேன்’ என்று போடலாமா என்று கொஞ்ச நேரம் பார்த்தான். போடவில்லை. பழக்கத்தில் கீழே வெண்ணிலாதேவி என்று எழுதிவிட்டிருந்தான். அதைத்தான் அடித்துவிட்டு, செ. ராசாங்கம், பி.ஏ. என்று எழுதினான்.