பெண் பார்க்கப் போன இடத்தில் ஜன்னல் திறந்த கதை

தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஆனி மாதம், பெண் பார்க்கத் திருநெல்வேலிக்குப் போனேன். சென்னையில் எனக்கு ஏசி பழுதுபார்க்கும் வேலை. பெண் கோமதி, பாளையங்கோட்டையில் அறிவியல் ஆசிரியை. வீட்டில் பார்த்தால் தெருவே கூடிவிடும் என்று, ஜங்ஷன் பக்கம் ஒரு பழைய தியேட்டருக்கு மதியக் காட்சிக்கு வரச் சொல்லியிருந்தார் அவள் அப்பா. படமாவது மிச்சம் என்று இரவு ரயில் ஏறினேன்.

வெளியே சாரல் காற்று வேட்டியைப் பிடுங்கியது. உள்ளே கோமதி வீட்டுப் பெண்களோடு பால்கனியில், நானும் அவள் அப்பாவும் கீழே. படம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஏசி நின்றுவிட்டது. ஹவுஸ்ஃபுல் கூட்டம் விசிலடித்தது.

"நம்ம மாப்ள ஏசி வேலதான் பாக்குதாரு!" என்று கோமதியின் அப்பா மேனேஜரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டார்.

புதுச் சட்டையோடு இயந்திர அறைக்குள் போனேன். கம்ப்ரஸர் எரிந்திருந்தது. வெறுங்கையோடு திரும்பினால் சம்பந்தம் அவ்வளவுதான்.

"முன்னால எப்படிச் சமாளிச்சீங்க அண்ணாச்சி?"

மேனேஜர் அரங்குக்குள் கூட்டிப்போய்க் கூரையைக் காட்டினார். "நாடகம் நடந்த காலத்துல அந்தக் கொக்கியில துணிப் பங்கா, பெரிய விசிறி கணக்கா தொங்கும். கீழ நின்னு கயிறு இழுப்பாவ. பொறவு ஃபேன். அப்புறம் வெட்டிவேர் தட்டி வெச்ச கூலர். ஏசி வந்ததும் மேல் ஜன்னல எல்லாம் பலகை வெச்சு அடைச்சிட்டோம்."

ஏணி வாங்கி ஏறினேன். முதல் பலகையைப் பெயர்த்ததும் புறாக்கூடு ஒன்று அப்படியே கோமதியின் அப்பா தலையில் விழுந்தது. அரங்கமே சிரித்தது. நான் அடுத்த பலகைக்கு நகர்ந்தேன். அத்தனை பலகைகளையும் பெயர்த்தும் புழுக்கம் குறையவில்லை.

பால்கனியிலிருந்து ஒரு குரல்: "மேல மட்டும் தொறந்தா போதுமா? கீழ கதவையும் தொறக்கச் சொல்லுங்க. காத்து உள்ள வந்தாத்தான மேல போவும்!"

கோமதிதான். ஜன்னல் வெளிச்சத்திலேயே படம் மங்கியிருந்தது; கதவையும் திறந்தால் திரையில் ஒன்றும் தெரியாதே என்று மேனேஜர் தயங்கி, பிறகு இடைவேளையே விட்டுவிட்டார். கதவுகள் திறந்ததும் மேற்குக் காற்று குபுகுபுவென்று நுழைந்தது. கூட்டம் கைதட்டியது. அவள் அப்பா தலையில் இருந்த இறகை எடுத்துப் பார்த்து, "நல்லாத்தான் வேல பாக்குதீய," என்று சிரித்தார்.

மறுநாள் குடும்பமாக ஆற்றில் குளிக்கப் பாபநாசம் போனோம். நெல்லையிலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர். பேருந்து நிறைய உண்டு. காலையிலேயே கிளம்புங்கள், மாற்றுத் துணி எடுத்துக்கொள்ளுங்கள், படித்துறையில் பாசி வழுக்கும். நெல்லையில் பழைய கட்டடங்களுக்குள் போனால் அண்ணாந்து பாருங்கள். எத்தனை தலைமுறை காற்றுக்கு என்னென்ன பாடுபட்டிருக்கிறது என்பது கூரையில் தெரியும்.

படித்துறையில்தான் அவளிடம் தனியாகக் கேட்க முடிந்தது. "சென்னைக்கு வர்றீங்களா?"

"ஒங்க வீட்டுல காத்து வருமா?"

"வராது. ஒரே ஒரு ஜன்னல்."

"வேற வீடு பாருங்க. வாரேன்."