மூன்றாவது பெயர்

யூரோ வந்து இரண்டு மூன்று வருசம் இருக்கும். அப்ப எனக்கு இரண்டு வேலை. காலமையில் வுப்பர்டால் என்ற ஜேர்மன் நகரத்தில் ஒரு சேர்ச்சின் மண்டபமும் விருந்தாளி அறைகளும். பின்னேரம் பக்கத்து நகரத்தில் ஒரு வங்கிக் கட்டிடம். படி, கண்ணாடி, கக்கூஸ் எல்லாம் நான்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். கன கதை வராது. நடந்ததைச் சொல்லுறேன்.

ஒரு திங்கட்கிழமை சேர்ச்சுக்கு ஒரு அம்மா வந்தா. என்னிலும் கட்டை, என்னிலும் கறுப்புக் குறைவு, நெற்றியில் வெட்டிவிட்ட நேர் முடி. தென் அமெரிக்காவில் ஒரு பெரிய காட்டில் இருந்து வந்தவ. பழங்குடி ஆள். பக்கத்தில் அவ பேசுறதை டொச்சில், அதுதான் ஜேர்மன் பாஷையில், சொல்ல ஒரு பொம்பிளைப் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் படிக்கிறது. எனக்கு டொச் அரைகுறை. மூன்று பேரும் அந்தப் பிள்ளையின் வாயால்தான் கதைத்தோம்.

அறைச் சாவி என் பொறுப்பு. சாவி வாங்கினால் கொப்பியில் கையெழுத்து வைக்க வேணும். கொப்பியை நீட்டினேன். அவ கையைப் பின்னுக்குக் கட்டினா.

"வைக்கமாட்டாவாம்" என்றது பிள்ளை.

"சாவிக்குத்தானே. வீடா எழுதித் தரச் சொல்லுறன்?"

பிள்ளை சொன்னது. அவ தலையை ஆட்டினா. சாவி வேண்டாம், கதவு திறந்து கிடக்கட்டும் என்றா. எனக்குச் சரியான கோபம். தலைக்கனம் பிடிச்ச மனுசி என்று நினைத்தேன். சேர்ச்சில் களவு போனால் என்னைத்தானே கேட்பினம். நானே என் பேரை எழுதி, என் கையெழுத்தை வைத்துச் சாவியைக் குடுத்தேன். அவ அந்தக் கொப்பியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தா. சிரிக்கவில்லை.

அடுத்த நாள் அவவுக்குச் சேர்ச்சுச் சாப்பாடு இறங்கவில்லை. பாணும் சீஸும் அப்படியே கிடந்தது. ஊரில் என்ன சாப்பிடுவா என்று கேட்டேன். அவ கையால் மண்ணைக் கிண்டி, ஒரு கிழங்கை இழுத்தெடுத்துக் காட்டினா. எனக்கு விளங்கிற்று.

எங்கட தமிழ்க் கடைக்குப் போனேன். நாலு கிலோ மரவள்ளி எடுத்தேன்.

"என்னக்கா, பன்றி வளக்கிறியளோ?" என்று கேட்டான் கடைக்காரன்.

"ஓம். உனக்கும் ஒரு துண்டு போடுறன்" என்றேன்.

சேர்ச்சுக் குசினியில் இரண்டு பேரும் தோல் உரித்தோம். அவ என்னிலும் கெட்டிக்காரி. ஒரு கீறு, ஒரு திருப்பு, தோல் முழுசாய் வந்திடும். அடுப்பில் வைத்த பிறகு அந்தப் படிக்கிற பிள்ளை வந்து பானையை மூடினது. நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாய்க் கையை நீட்டி மூடியை எடுத்தோம். மரவள்ளியை மூடி அவிக்கக் கூடாது, நஞ்சு ஆவியோடு போக வேணும். அவவின் ஊரிலும் அப்படித்தானாம். அப்பதான் அவ முதல் தரம் சிரித்தா.

சாப்பிட்டுக்கொண்டு கதையைச் சொன்னா.

அவையின்ர காட்டுக்குக் கீழே எண்ணெய் இருக்காம். ஒரு கொம்பனி கிணறு தோண்ட வந்திருக்கு. சனம் விடவில்லை. பிறகு ஒரு நாள் கொம்பனி வள்ளத்தில் சாமான் கொண்டு வந்தது. அரிசி, ரின்மீன், சவுக்காரம், றப்பர் சப்பாத்து. ஆற்றில் வெள்ளம் வந்து தோட்டம் அழிஞ்ச நேரம். வாங்கின ஆக்கள் ஒரு பட்டியலில் பேர் எழுத வேணும், எழுதத் தெரியாதவை பெருவிரலை வைக்க வேணும் என்றினமாம். எங்கட ஊரில் நிவாரணம் வாங்குறது போல. எல்லாரும் வைத்தினம். இவவுக்குக் கொஞ்சம் எழுத்துத் தெரியும். மூன்றாவது ஆளாய் நின்று பேரை எழுதினா. இரண்டு ரின்மீனும் ஒரு சோடி சப்பாத்தும் கிடைத்தது.

அந்தப் பட்டியலுக்கு மேலே கொம்பனி வேறொரு தாளைத் தைத்துவிட்டது. காட்டில் கிணறு தோண்ட எங்களுக்குச் சம்மதம் என்று.

"சனம் என்னைப் பார்த்துத்தான் வைச்சது" என்றா. "இவ வாசிக்கத் தெரிஞ்சவ, இவவே வைக்கிறா எண்டு. நான் வாசிக்கேல்லை. பசி."

கொம்பனிக்குக் கடன் குடுக்கப் போறது ஒரு ஜேர்மன் வங்கி. அந்த வங்கியில் நாளைக்கு மூன்று மணிக்குத் தெர்மின், சந்திக்க நேரம் குடுத்திருக்கு. பட்டியலில் இருந்து தன் பேரை வெட்டச் சொல்லத்தான் அவ இவ்வளவு தூரம் வந்தது. மூன்றாவது பேர் போனால் கீழே உள்ள பேரெல்லாம் ஆடும் என்றா.

வங்கியின் பேரைக் கேட்டேன். பிள்ளை சொன்னது.

"அது நான் கழுவுற கட்டிடம்" என்றேன்.

அவவைப் போல எனக்கும் ஒரு தாள் இருந்தது. இந்த நாட்டுக்கு வந்த புதுசில் அகதி விசாரணை. நான் சொன்னதை ஒருவன் தமிழில் இருந்து டொச்சுக்கு மாற்றினான், ஒருவர் அதைத் தட்டச்சில் தட்டினார். கடைசியில் எல்லாத்தையும் தமிழில் திருப்பி வாசித்துக் காட்ட வேணும், அது சட்டம். நேரம் போயிட்டுது, வையுங்கோ அக்கா என்றான் அவன். வைத்தேன். வாசித்துக் காட்டினது என்றும் சேர்த்துத்தான் வைத்தேன். உயிருக்குப் பயந்து வந்தவள் என்று இல்லை, உழைக்க வந்தவள் என்று அதில் எழுதியிருந்தது. அந்த ஒரு வரியால் ஏழு வருசம் நான் நிராகரிக்கப்பட்ட ஆள். மூன்று மாதத்துக்கு ஒருக்கால் விசா நீட்ட வரிசையில் நின்றேன்.

புதன்கிழமை நான் வங்கி வாசலில் மொப் போட்டுக்கொண்டு நின்றேன். மழை. அவ என் குளிர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தா. சட்டைக் கை அவவுக்கு இரண்டு விரற்கடை கூட நீளம். பிள்ளையும் கூட வந்தது. வாசலில் இருந்த ஆள் ஒரு தாளைத் தள்ளினான், பேனையை அதுக்கு மேலே வைத்தான்.

"பேரும் கையெழுத்தும். இல்லாட்டி மேல போக ஏலாது."

அவ கையைப் பின்னுக்குக் கட்டினா.

பிள்ளை கெஞ்சினது. "இது வெறும் வாசல் ஒழுங்கு. எல்லாரும் வைக்கிறது."

"அரிசியும் எல்லாரும் வாங்கினதுதான்" என்றா அவ.

"அப்ப உங்களுக்காக நான் வைக்கிறன்."

அவ பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டா. விடவில்லை.

கால் மணித்தியாலம் போயிற்று. மேலே இருந்து ஒருவர் இறங்கி வந்தார். நல்ல உடுப்பு, கையில் ஒரு ஃபைல். கோபக்காரர் இல்லை. நல்ல மரியாதையாய்த்தான் கதைத்தார். மேலே குடிக்கக் கோப்பி வைத்திருக்கு, எல்லாரும் காத்திருக்கினம், இவ்வளவு தூரம் வந்து வாசலில் நின்று போகலாமோ என்றார். தாளைத் தானே எடுத்து அவவுக்கு முன்னால் நேராக்கி வைத்தார்.

நான் மொப்போடு இரண்டு அடி தள்ளி நின்றேன். துப்பரவு ஆளை ஒருவரும் பார்க்கிறதில்லை. தாள் எனக்கு நேரே இருந்தது. வாசலில் வைக்கிற பதிவுத் தாளை நான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறனான். அதில் கட்டம் கட்டமாய் நேரம் இருக்கும். இதில் நேரம் இல்லை. மேலே நாலு வரி எழுத்து இருந்தது.

என் வாய் தானாய்த் திறந்தது.

"மேல இருக்கிறதை முதல் வாசிச்சுக் காட்டு, பிள்ளை."

எல்லாரும் திரும்பினார்கள். வாசல் ஆள், "நீ உன்ர வேலையைப் பார்" என்றான்.

"பாக்கிறன். பிள்ளை வாசிக்கட்டும்."

பிள்ளை வாசித்தது. பாதியில் குரல் மாறிற்று. பாதிக்கப்படும் மக்களோடு நடந்த ஆலோசனை, அதில் பங்குபற்றினவர்களின் பட்டியல் என்று எழுதியிருந்தது. பிள்ளை அதை அவவின் பாஷையில் சொன்னது.

"இன்னும் ஆலோசனை நடக்கேல்லையே" என்றா அவ.

ஃபைலோடு வந்தவரின் முகம் சிவந்தது. இது உள்வேலைக்கு, பெரிய அர்த்தம் ஒன்றும் இல்லை என்றார். பிறகு ஃபைலைத் திறந்து ஒரு தாளை எடுத்தார்.

"அம்மா, முந்தி நீங்கள்தானே வைச்சனீங்கள்? இஞ்ச பாருங்கோ. மூன்றாவது உங்கட பேர். அங்க வைச்ச ஆளுக்கு இஞ்ச வைக்க என்ன கஷ்டம்?"

அவ கழுத்தை நீட்டிப் பார்த்தா. கன நேரம் பார்த்தா. தன் எழுத்தைத் தேடிப் பிடிக்கிற மாதிரி விரலைக் கீழே கொண்டு போனா. பிறகு பின்னுக்குக் கட்டின கையை எடுத்தா. வாசல் ஆள் வைத்த பேனையை எடுத்தா. ஃபைல்காரருக்கு நல்ல சந்தோசம், வாசல் தாளைப் பிடித்துக் குடுத்தார்.

அவ அதை விட்டிட்டு, ஃபைல் தாளில் இருந்த மூன்றாவது பேரை வெட்டினா. ஒரு கோடு இல்லை. தாள் கிழியுற அளவுக்கு நாலு ஐந்து கோடு.

"ஐயோ, இது போட்டோ கொப்பி" என்றார் அவர். "அசல் இஞ்ச இல்லை. வெட்டினாலும் செல்லாது."

"அசல் எங்க?"

"உங்கட நாட்டில. கொம்பனி அலுவலகத்தில."

"அந்தக் கதவு எனக்குத் தெரியும்" என்றா. பேனையை மேசையில் வைத்தா. "இதைக் கொண்டுபோய் மேல காட்டுங்கோ. வெட்டினது ஆர் எண்டு கேட்டால், பேர் கோட்டுக்குக் கீழதான் இருக்கு, வாசிக்கலாம்."

அவர் தாளை ஃபைலுக்குள் வைக்கவும் இல்லை, கிழித்து எறியவும் இல்லை. பிடித்துக்கொண்டே நின்றார். அவவும் பிள்ளையும் மழைக்குள் இறங்கிப் போச்சினம். மேலே கோப்பி ஆறியிருக்கும்.

அடுத்த கிழமை என்னை அந்தக் கட்டிடத்தில் இருந்து மாத்தினார்கள். வாடிக்கையாளரோடு வாய் காட்டினதாம். இப்ப ஒரு பாடசாலை. அங்கே கக்கூஸ் எண்ணிக்கை கூட.

அந்தப் பிள்ளை ஆறேழு மாதம் கழித்துச் சேர்ச்சுக்கு வந்தது. வங்கி கடனைத் தள்ளிப்போட்டிருக்கு, நிப்பாட்டவில்லை என்றது. அந்த அம்மா ஊருக்குப் போனவுடன் கொம்பனி அலுவலகத்துக்குப் போனாவாம். கதவைப் பூட்டிவிட்டார்களாம். பேர் எழுதினவை, விரல் வைத்தவை என்று சனம் ஒவ்வொருவராய் வந்து வாசலில் இருந்திட்டினமாம். எல்லாரும் அசலைக் கேட்கினம். கிணறு தோண்டுற மெசின் இன்னும் ஆற்றைக் கடக்காமல் அந்தப் பக்கம் நிற்குதாம்.

"இன்னும் இருக்கினமோ?" என்று கேட்டேன்.

"ஓம். ஒருதரும் எழும்பேல்லை."