சட்டைப் பையில் போன காது

திருநள்ளாற்றில் லாட்ஜ் நடத்துகிறவனுக்கு மனிதர்களின் புத்தியைப் பற்றி ஒரு முடிவுக்கு வர எல்லா வசதியும் உண்டு. வாராவாரம் சனிக்கிழமை கூட்டம் கூட்டமாக எதிரே வந்து நிற்கிறார்கள். ஆனாலும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஹைதராபாத்தில் உட்கார்ந்துகொண்டே நெட்டில் துழாவி என் மாடி அறையில் வெந்நீர் சரியாக வராது என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதே ஆட்கள் கோபுரத்துக்கு நேர் எதிரே நின்று, போனைப் பார்த்தபடி, கோயில் எங்கே என்று கேட்கிறார்கள். ஜனங்களுக்கு மூளை வளர்கிறதா, தேய்கிறதா? காலையில் ஒரு பதில் தோன்றும். மத்தியானத்துக்குள் மாறிவிடும்.

ஒரு சனிக்கிழமை இந்தக் குழப்பம் தலைக்கு மேலே போய்விட்டது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒருவர் முதல் நாளே அம்மாவுடன் வந்து தங்கியிருந்தார். சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். அம்மாவுக்குக் காது சுத்தமாகக் கேட்காது, இரண்டு காதிலும் மிஷின். நாள்கணக்கில் செத்துக் கிடந்த எங்கள் வைஃபையை அவர் வந்ததும் நின்றபடியே சரிசெய்து கொடுத்தார். மகா கெட்டிக்காரன் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை இருவரும் நளன் குளத்துக்குப் போனார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்து, உடுத்திப் போன துணியைக் கரையிலேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தால், பிடித்த சனியும் அந்தத் துணியோடு போய்விடும் என்பது வருகிறவர்களின் நம்பிக்கை. மகன் அதை ஒன்று விடாமல் செய்திருக்கிறார். குளிப்பதற்கு முன் அம்மா கழற்றிக் கொடுத்த காது மிஷின்களைச் சின்ன டப்பாவில் வைத்துத் தன் சட்டைப் பையில் போட்டு, சட்டையைக் கழற்றிக் கரையில் வைத்திருந்தார். அந்தச் சட்டையையும் சேர்த்து விட்டுவிட்டு வந்துவிட்டார்.

லாட்ஜுக்குள் நுழைந்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. முகம் வெளுத்துப்போய் என்னிடம் சொன்னார். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து எங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓடிப் போயி எடுத்துட்டு வாங்க சார். துணி அள்ளுற வண்டி வந்துட்டா அப்பறம் தேடவே முடியாது" என்றேன்.

"நான் எப்படி சார் போறது? விட்டதைத் திரும்பத் தொட்டா மறுபடியும் பிடிச்சுக்கும்னு சொல்றாங்களே." கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீங்க உள்ளூர். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க போய் எடுத்துட்டு வாங்களேன்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! இவர் விட்ட சனியை நான் போய்ச் சுமந்து வர வேண்டுமாம். "படிச்சவர்தானே நீங்க? விட்ட துணியில என்ன சார் இருக்கு?" என்று கத்தினேன். அம்மாவுக்குத்தான் கேட்காதே என்ற தைரியம். அந்த அம்மா ஏதோ சொல்ல எழுந்தார். உட்காருங்கள் என்று கையைக் காட்டினேன்.

"ஒண்ணும் இல்லேன்னா நீங்க போறதுல என்ன சார் கஷ்டம்?" என்றார் மகன்.

நியாயமான கேள்விதான். இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது என்று டீக்கடையில் நான் அடிக்காத தம்பட்டம் இல்லை. ஆனால் கால் நகரவில்லை. என் ராசிக்கும் ஏழரை நடப்பதாக வீட்டில் சொன்னது அந்த நேரம் பார்த்து ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம்தான் என்னைக் கிளப்பியது. அறிவு கிளப்பியது என்று சொன்னால் அது பொய்.

குளக்கரையில் துணி குவியல் குவியலாகக் கிடந்தது. அவருடைய நீலக் கட்டம் போட்ட சட்டையைக் குச்சியால் கிளறித் தேடினேன். பக்கத்தில் துணி அள்ளுகிறவர்கள் வெறும் கையால் வாரிக்கொண்டிருந்தார்கள், நன்றாகத்தான் இருந்தார்கள். நான் ஏன் குச்சியை எடுத்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. வைஃபையைச் சரிசெய்த மூளையும் சட்டைக்குப் பயப்படும் மூளையும் ஒரே தலையில் எப்படி இருக்கின்றன என்று அவரைப் பற்றி யோசித்தபடியே, டப்பாவை இரண்டு விரலால் பிடித்து எடுத்துக்கொண்டு வந்தேன். லாட்ஜ் குழாயில் கையைத் திரும்பத் திரும்பக் கழுவினேன்.

டப்பாவை மேஜைமேல் வைத்தேன். மகன் அதைத் தொடவில்லை. மஞ்சள் தண்ணீர் தெளித்தால் தோஷம் போகுமா, மிஷின் கெட்டுவிடுமா என்று போனில் தேட ஆரம்பித்தார். அம்மாவே எழுந்து வந்து டப்பாவைத் திறந்து, இரண்டையும் எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார்.

"எங்க வச்சேன்னே தெரியலம்மா. சார்தான் தேடிக் கொடுத்தார்" என்றார் மகன் அவசரமாக.

"ஆமாம்மா, ரூம்லதான் கெடந்துது" என்று நானும் கூசாமல் சொன்னேன்.

அம்மா எங்கள் இருவரையும் பார்த்தார்.

"காதுதாம்ப்பா கேக்காது. வாயசைக்கிறத வச்சே எனக்கு எல்லாம் புரியும். அந்தச் சட்டைய நானே போயி எடுத்தாந்திருப்பேன். என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா, ரெண்டு பேரும்?"