பச்சை மரம் என்று நம்பினேன்

தேக்கா சந்தைக்கு எதிரே, நடைபாதையின் குறுக்கே ஒரு தூங்குமூஞ்சி மரம் இடுப்பளவில் முறிந்து கிடக்கிறது. காற்றுகூட இல்லை. அரை மணி நேரத்துக்கு முன்பு என் மகள் நிலா அதன் நிழலில் நின்றாள். நான்தான் நிற்கச் சொன்னேன். உச்சிவரை பச்சைப்பசேலென்று இருந்தது. பட்ட மரம்தான் விழும் என்று மதுரையில் சொல்லிச் சொல்லியே அவளை வளர்த்தேன். தண்ணீர் வாங்க அவள் கடைக்குள் நுழைந்ததும் சடசடவென்று சத்தம் கேட்டது.

மரம் அறுக்க வந்திருப்பவர் இந்த நாட்டிலேயே பிறந்த தமிழர். அவரிடம் கேட்கிறேன்: "உள்ளே இவ்வளவு பெரிய பொந்துங்க. அப்புறம் வேர் எப்படி அவ்வளவு உயரத்துக்குத் தண்ணியைத் தள்ளுச்சு?"

"வேர் தள்ளல அக்கா, இலைதான் இழுக்குது. வெயில்ல இலைத்தண்ணி ஆவியாப் போகப் போக, கீழேருந்து அடுத்தது ஏறும். அது ஏறுற பைப்பெல்லாம் பட்டைக்கு அடுத்த வெளிவட்டத்துலதான் இருக்கு. நடுமரம் உளுத்துப்போனாலும் மேல பச்சையாத்தான் இருக்கும் லா. உள்ளே பொந்தா இல்லையான்னு நாங்களே தட்டி, சத்தத்தை வச்சுத்தான் சொல்வோம்."

முறிந்த இடத்தைத் தொடுகிறேன். ஓரம் ஈரமாக இருக்கிறது. நடுவில் என் கை முழங்கைவரை உள்ளே போகிறது.

"பஸ் வர லேட்டாகும்மா. எங்க நிக்கலாம்?" என்கிறாள் நிலா.

சாலை நெடுக மரங்கள். எல்லாமே பச்சை. அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கிறேன்.