கண் திறக்க ஓர் ஊசித் தங்கம்

1899 தை, மாரிகுப்பம் தங்கச் சுரங்கம். "இன்று அம்மனுக்குக் கண் திறப்பு" என்று காலையில் இந்த நாட்குறிப்பில் குறித்திருக்கிறேன். உச்சிவெயில் ஏறியும் திறக்கவில்லை. சிலையின் கண்ணைத் தங்க ஊசியால்தான் திறக்க வேண்டும். சிற்பியின் ஊசியையோ திருட்டுத் தங்கம் என்று சுரங்கக் காவலாளி பிடுங்கிவைத்திருக்கிறான். அம்மன் பார்க்காமல் ஷிப்டுக்கு இறங்க மாட்டோம் என்று ஆட்கள் நிற்கிறார்கள்.

"தங்கம் தோண்டுற ஊர்ல ஒரு ஊசித் தங்கம் இல்லியா? இன்னா ஆச்சாரி இது!" என்கிறாள் ஒருத்தி.

"கொஞ்சம் சும்மா இரும்மா" என்கிறார் சிற்பி.

வேலூரில் வெண்கலம் வார்த்தவர் அவர். சுரங்கத்திலிருந்து வந்த இந்தப் பாறையில் அம்மன் முகம் தெரிந்ததால் கல் வேலைக்கு வந்தாராம். செதுக்கியபோது தெறித்த சில்லு ஒன்றை எடுக்கிறார்.

"இதுக்குள்ளயும் தங்கந்தானே கீது?"

அந்தச் சில்லாலேயே சிலையின் கண்ணைக் கீறுகிறார். ஆட்கள் கும்பிட்டுவிட்டு இறங்குகிறார்கள். அம்மன் பார்க்கிறாளா என்று குழம்பி நிற்கிறேன். அந்தச் சில்லில் தங்கம் இருந்ததா என்பது இன்னும் உறுதியாகவில்லை.