படத்தை யார் பார்ப்பார்கள்?

தர்சினியின் பெயரைக் கெடுத்தவள் நான்தான். வேறு யாருமில்லை.

இதை இவ்வளவு நாளும் ஒருவரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். ஏனென்றால் உங்களுக்கு என் முகம் தெரியாது. எவ்வளவு வசதி பாருங்கள்! அந்த வசதியைத்தான் நான் அவளிடமிருந்து பறித்தேன்.

டென்மார்க்கில், வைலே துறைமுகத்துக்குப் பின்னால், டயர் மாற்றும் கடையொன்றின் மேல்மாடியில் எங்கள் கந்தோர். இணையத்தில் மின்சிகரெட்டும் அதற்குள் ஊற்றும் திரவமும் விற்கிறோம். எல்லாமாக ஆறு பேர். வாடிக்கையாளரின் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. கோயிலில் யாராவது கேட்டால், எலெக்ட்ரோனிக் சாமான் விற்கிற இடம் என்று சொல்லிவைத்திருந்தேன். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கிறவள் அதற்கு மேல் எப்படிச் சொல்வது?

என் பெயர் ஜெசிந்தா. வேலையில் அதைச் சுருக்கி ஜெஸ் என்றார்கள். டெனிஷ் ஆண்களுக்கும் அப்படியொரு பெயர் உண்டு. 'அன்புடன், ஜெஸ்' என்று கையொப்பம் போகும்போது, எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் என்னை ஒரு வெள்ளைக்கார ஆண் என்றே நினைத்துக்கொள்வார். நான் திருத்துவதில்லை. அப்படி நினைத்தால் ஏச்சுக் கடிதங்கள் குறைவாக வரும்.

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது என்பது சட்டம். வாங்குகிறவர்களில் அநேகர் அரசாங்கத்தின் மின் அடையாளமான மிட்ஐடி மூலம் வயதைக் காட்டிவிடுவார்கள். அந்த வழியில் எங்களுக்கு வருவது ஒரேயொரு சொல்தான்... ஆம், அல்லது இல்லை. ஆனால் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இன்னொரு வழியும் இருந்தது. கடவுச்சீட்டைத் திறந்து நாடிக்குக் கீழே பிடித்து, முகமும் தெரியும்படி ஒரு படம் எடுத்து அனுப்பலாம்.

'படத்தை எமது கணினி சரிபார்க்கும். மனிதர் எவரும் பார்ப்பதில்லை. இருபத்துநான்கு மணித்தியாலத்தில் அழிக்கப்படும்.' பக்கத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. முதலாளி அந்த மென்பொருளை வாங்குவதாக இருந்த காலத்தில் எழுதிய வசனம். விலையைக் கேட்டதும் அவர் மனம் மாறிவிட்டார். வசனத்தை மாற்ற ஒருவருக்கும் நினைவில்லை.

ஆகவே கணினி என்பது நான். நான் விடுமுறையில் நின்றால், பக்கத்து மேசைப் பொடியன். படங்களோ மாதக்கணக்கில் ஒரு கோப்புக்குள் கிடந்தன.

உங்களுடைய முகத்தையும் இப்படி எங்காவது அனுப்பியிருப்பீர்கள், இல்லையா? மறுமுனையில் இருப்பது யாரென்று ஒருதடவையாவது யோசித்தீர்களா?

தர்சினி யோசித்தாள். அவள் கேட்டாள். அதுதான் என்னை இன்றுவரை தின்கிறது.

நாங்கள் வசிக்கும் பிரெடெரிசியா நகரில் சனிக்கிழமைகளில் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்தவள் தர்சினி. வயது முப்பத்துநான்கு. கிழமை நாட்களில் முதியோர் இல்லத்தில் வேலை. சம்பளம் வாங்காமல் பதினொரு வருடம் படிப்பித்தாள். என் மகளும் அவளிடம்தான் 'அ' எழுதப் பழகினாள்.

போன வருடம் ஐப்பசியில் பெற்றார் கூட்டம் நடந்தது. பதினைந்து பேர் இருந்திருப்போம். எல்லாருக்கும் முன்னால் அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஜெசிந்தா அக்கா, பிள்ளை நல்ல கெட்டிக்காரி. ஆனா வீட்டில நீங்கள்தான் அவளோட டெனிஷில கதைக்கிறீங்கள். பிறகு நான் சனிக்கிழமையில மட்டும் என்ன செய்யிறது?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முகம் கொதித்தது.

அவள் சொன்னதில் ஒரு சொல்லாவது பொய்யா? இல்லை. வேலையால் களைத்து வந்து பிள்ளையோடு மல்லுக்கட்ட முடியாமல் டெனிஷுக்கு இறங்கிவிடுகிறவள் நான். அது எனக்கே தெரியும். தெரிந்ததை ஊருக்கு முன்னால் கேட்டதுதான் பொறுக்கவில்லை!

மூன்று கிழமை கழிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கோப்பியோடு வந்து உட்கார்ந்து முதல் படத்தைத் திறந்தேன்.

தர்சினி.

குளித்த ஈரம் காயாத தலை. தோளில் நூல் விட்ட பழைய ரீசேர்ட். நாடிக்குக் கீழே கடவுச்சீட்டு. பிறந்த திகதி, பிறந்த இடம், முழுப்பெயர்... எல்லாம் விரல் மறைக்காமல் தெளிவாகத் தெரிந்தன. வகுப்பில் ஒரு முடிகூடக் கலையாமல் நிற்பவள் என் திரையில் அப்படி இருந்தாள். எங்களுக்குத் தேவையாயிருந்தது பதினெட்டுக்கு மேலா கீழா என்ற ஒன்றுதான். நான் எல்லாவற்றையும் வாசித்தேன். இரண்டு தரம் வாசித்தேன்.

வாங்கியது ஒரு நீலக் கருவியும் புகையிலைச் சுவைத் திரவம் மூன்று போத்தலும். பொதியை ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் கொடுக்கச் சொல்லியிருந்தாள். எடுக்க வருபவர் பெயர் நிரோஷா, அவளுடைய தங்கை.

கூடவே ஒரு சின்ன மின்னஞ்சல், டெனிஷில். ஒன்பது வருடமாகச் சிகரெட் பிடித்ததாகவும், விட்டு ஏழு கிழமை ஆகிறதாகவும், இந்தக் கருவி அதற்கு உதவுவதாகவும் எழுதியிருந்தாள். பிறகு இதையும் விட்டுவிடுவாளாம். அரசாங்க அடையாளத்தோடு இந்தச் சாமானை முடிச்சுப்போட விருப்பமில்லை, அதனால்தான் படம் அனுப்புகிறேன் என்றாள். கடைசியாக ஒரு கேள்வி: 'நான் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். எங்கள் சமூகம் மிகச் சிறியது. இந்தப் படத்தை யார் பார்ப்பார்கள்?'

முகம் தெரியாதவர்களிடம் மனிதர்கள் எவ்வளவைச் சொல்லிவிடுகிறார்கள்!

அரசாங்கத்துக்குப் பயந்து ஒதுங்கியவள், நேரே என் மேசைக்கு வந்து சேர்ந்தாள்.

திரையின் இடப்பக்கத்தில் அவள் முகம். வலப்பக்கத்தில் நான் பதில் எழுதினேன். எழுதினேன் என்பதும் பொய்... ஆயத்தமாக இருந்த அந்த வசனத்தை எடுத்து ஒட்டினேன். 'மனிதர் எவரும் பார்ப்பதில்லை. அன்புடன், ஜெஸ்.'

ஒட்டாமல் விட்டிருக்கலாமே என்று கேட்கிறீர்களா? விட்டிருக்கலாம். 'ஒரு பணியாளர் பார்ப்பார், விருப்பமில்லையென்றால் வேறு வழியில் வாங்குங்கள்' என்று ஒரு வரி போதும். அன்று அது எனக்குத் தோன்றவேயில்லை என்று சொல்ல ஆசை. தோன்றியது. சோம்பல் என்று ஒரு பக்கம். மறுபக்கம்... அவளுடைய ஒன்று என் கையில் இருக்கிறது என்ற சந்தோஷம். ஆம், சந்தோஷம்தான். வேறு சொல் தேடிப் பயனில்லை.

இருந்தும் ஒரு மாதம் வாயைத் திறக்கவில்லை. அதைக்கூட ஒரு பெருமையாக நினைத்திருந்தேன்.

மார்கழியில் நத்தார் ஒளிவிழாவுக்கு மண்டபத்துக் குசினியில் ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தோம். நானும் மேரி அக்காவும்தான். மேரி அக்கா எங்கள் கோயில் பெண்கள் சபையின் தலைவி. ஊரில் எது நடந்தாலும் முதலில் அவவுக்குத்தான் தெரியும். தர்சினி பிள்ளைகளுக்கு நாடகம் பழக்கும் சத்தம் மண்டபத்திலிருந்து கேட்டது. மேரி அக்கா கையில் மாவோடு நின்று அவளைப் புகழ்ந்துகொண்டே போனா. இந்த டென்மார்க்கில் இப்படியொரு பிள்ளை கிடையாதாம். எங்கள் பிள்ளைகளுக்கு அவள்தான் முன்மாதிரியாம்.

"முன்மாதிரி புகைக்கிறது உங்களுக்குத் தெரியாது போல" என்றேன்.

அவ்வளவுதான். ரோல்ஸைச் சுற்றிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்!

மேரி அக்கா நம்பவில்லை. அங்கேயாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். அவ நம்பாதது எனக்குக் கோபத்தைத் தந்தது. நீல நிறக் கருவி என்றேன். புகையிலைச் சுவை என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, அதைக் கேட்காதேங்கோ, கண்ணால் கண்டது என்றேன். பிறகு, நம்பவைப்பதற்காக, கடைசியாக ஒன்றையும் சேர்த்தேன்: "தங்கச்சியின்ர பேருக்குத்தானே பெட்டி வருது."

ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். மேரி அக்காவிடம் போய் அப்படிக் கேட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா?

தை மாதம் வகுப்புத் தொடங்கியபோது இருபத்திரண்டு பிள்ளைகளில் ஒன்பது பேர்தான் வந்தார்கள். யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. ஒருவருக்கு நீச்சல், ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்குக் கார் பழுது. மூன்றாம் கிழமை நிர்வாகக் குழுவினர் தர்சினியைக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொன்னார்களாம். பதினொரு வருடத்துக்குப் பிறகு ஓய்வு!

நீங்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளையை நிறுத்தியவர்களில் நானும் ஒருத்தி. மற்றவர்கள் நிறுத்தும்போது நான் மட்டும் அனுப்பினால் சந்தேகம் வருமே என்று பயந்தேன். ஏன் இனி ரீச்சரிடம் போவதில்லை என்று மகள் டெனிஷில் கேட்டாள். நானும் டெனிஷிலேயே ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

மாசியில் தர்சினியிடமிருந்து இரண்டாவது மின்னஞ்சல் வந்தது.

இம்முறை சொற்களில் நடுக்கமில்லை. சட்டப்படி எனக்கு உரிமை உண்டு, என் தரவுகளை யார் கையாண்டார்கள் என்று ஒரு மாதத்துக்குள் எழுத்தில் தெரிவியுங்கள் என்றிருந்தாள். தான் வாங்கிய பொருளின் நிறமும், சுவையும், பொதி யார் பெயருக்கு வந்தது என்பதும் வெளியே போய்விட்டனவாம். இவை இரண்டு இடங்களில் மட்டுமே இருந்தன... ஒன்று எங்கள் கடை, மற்றது அவளுடைய தங்கை. 'உங்களிடம் இலங்கையர் எவராவது வேலை செய்கிறார்களா? தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள். நான் வழக்குப் போடப்போவதில்லை. எனக்குத் தெரிந்தால் போதும்.'

எனக்குத் தெரிந்தால் போதும்.

முதலாளி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, ஏதும் பிரச்சினையா என்று கேட்டார். இல்லை, வழமையான விசாரிப்புத்தான் என்றேன். நீ எல்லாவற்றிலும் கவனமானவள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அந்தக் கடிதத்தைக் காட்டியிருந்தால் என் வேலை போயிருக்கும். வேலை போனால் ஏன் போனது என்று ஊர் கேட்டிருக்கும். இதையெல்லாம் நான் ஒரு கோப்பி குடிக்கும் நேரத்துக்குள் யோசித்து முடித்தேன். அவளைப் பற்றி யோசித்தேனா? அவளுடைய தங்கையைப் பற்றி? ஒரு வரி எழுதினால் அந்த இரண்டு பேரும் தப்புவார்கள் என்பது எனக்கு விளங்காமலா இருந்தது!

முதலில் அவளுடைய படத்தை அழித்தேன். பிறகு எழுதினேன்: 'உங்கள் படம் தானியங்கி முறையில் சரிபார்க்கப்பட்டு அழிக்கப்பட்டுவிட்டது. பணியாளர் எவரும் அதைப் பார்க்கவில்லை. எம்மிடம் இலங்கையர் எவரும் வேலை செய்யவில்லை. அன்புடன், ஜெஸ்.'

பத்து நிமிடம்கூட ஆகவில்லை, பதில் வந்தது.

'நன்றி, ஜெஸ். அப்படியென்றால் மிச்சம் ஒருத்திதான்.'

தபசு காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். மாதமொருமுறை வரும் எங்கள் தமிழ்ச் சுவாமியாரிடமல்ல. அவருக்கு என் குரல் தெரியும். ரயிலேறி வேறொரு ஊருக்குப் போய், என்னைத் தெரியாத டெனிஷ் குருவானவர் ஒருவரிடம் திரைக்கு இப்பால் முழந்தாளிட்டேன். அடுத்தவளின் முகத்தைக் காட்டிக்கொடுத்தவளுக்கு ஒளிந்துகொள்ள ஒரு திரை வேண்டியிருந்தது! பெயர்களை விழுங்கி, பாதியை மென்று, ஒரு மாதிரிச் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. முதலில் அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்லிவிட்டு வா, மன்னிப்பைப் பற்றி அதன்பிறகு கதைப்போம் என்றார். நான் திரும்பிப் போகவில்லை.

உயிர்த்த ஞாயிறுப் பூசை முடிந்து கார் தரிப்பிடத்துக்கு வந்தபோது நிரோஷா என்னைத் தேடி வந்தாள். மெலிந்திருந்தாள். அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள்; பங்குனியில் தர்சினி அவளை வெளியே போகச் சொல்லிவிட்டாளாம். தொலைபேசியிலும் எடுப்பதில்லை. தர்சினி இப்போது கோயிலுக்கும் வருவதில்லை. அந்த வீட்டு வாசலில் அவளுடைய பழைய சிகரெட் வாசனை திரும்பவும் வந்ததாக நிரோஷா சொன்னாள்.

"அக்கா, நான் ஆருக்கும் சொல்லேல்லை. மாதா சத்தியமா. அவவுக்கு உங்களில நல்ல மரியாதை இருக்கு. நீங்கள் ஒருக்கா அவவோட கதையுங்கோவன், நான் சொல்லேல்லை எண்டு."

பாருங்கள், தேடித் தேடி யாரிடம் வந்திருக்கிறாள்!

"ஓம் பிள்ளை, கதைக்கிறன்" என்றேன். அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். என் கண்ணீரைப் பார்த்து அவள் என்ன நினைத்திருப்பாள் என்பதை நினைக்கும்போது... வேண்டாம்.

தர்சினியின் வீடு என் வீட்டிலிருந்து நடை தூரம். எத்தனையோ தடவை அந்த மாடிக்கட்டடத்தின் வாசல்வரை போயிருக்கிறேன். அழைப்பு மணிகளின் வரிசையில் நிரோஷாவின் பெயரிருந்த இடத்தை ஒரு வெள்ளைக் கடதாசி மூடியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். வேலையில் இன்னமும் ஜெஸ்தான். இன்னமும் கடவுச்சீட்டுகள் வருகின்றன. அந்த வசனம் இன்னமும் பக்கத்தில் இருக்கிறது. அதை மாற்றச் சொன்னால் ஏன் என்று கேட்பார்களே என்று அதையும் விட்டுவைத்திருக்கிறேன்.

போன கிழமை நிரோஷா திரும்பவும் அழைத்தாள். கதைத்தீர்களா என்று கேட்டாள்.

கதைத்தேன் என்றேன்.

மிகச் சின்னக் குரலில், "அவ என்ன சொன்னவ?" என்றாள்.

"இன்னும் கோவமாத்தான் இருக்கிறா, பிள்ளை. நீ இப்ப அங்க போகாத. கொஞ்சக் காலம் போகட்டும்" என்றேன்.

அவள் என்னை நம்பினாள். சரி அக்கா, நீங்கள் சொன்னால் நான் போகவில்லை என்றாள்.