அடியில் வைத்த சந்தனப் பொட்டு

நான் எட்டாவது வரை படித்தவன். வேப்பந்தட்டைப் பக்கம் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போடுகிறேன். மகள் பெரம்பலூரில் பாலிடெக்னிக் கடைசி வருஷம். படிப்புக்காக அவள் செய்த ஒரு கருவிக்கு நான் செய்ததை எழுதி வைக்க வேண்டும் போலிருக்கிறது.

வெங்காயத்தைக் குவித்து மூடிப் பட்டறை போட்டு வைத்தால் உள்ளே ஈரம் ஏறி அழுகும். அந்த ஈரத்தை அளந்து, அதற்குத் தக்கபடி காற்றாடியை மெதுவாகவோ வேகமாகவோ ஓட்டுவதுதான் அந்தக் கருவி. ஒரு பழைய டிபன் டப்பாவுக்குள் உள்ளங்கை அகலப் பலகை, அதில் ஒரு சிப். ஈரத்தை அது பூஜ்யத்திலிருந்து இருநூற்று ஐம்பத்தைந்துக்குள் ஓர் எண்ணாக மாற்றுமாம். அவள் சி மொழியில் எழுதிய புரோகிராம் சிப்பை அதன் விலாசம் சொல்லிக் கூப்பிடும். இரண்டே கம்பி. அதிலேயே எண் வரும், காற்றாடிக்கான எண்ணும் அதிலேயே போகும்.

"மொத எண்ண நம்பக் கூடாதுப்பா. அது போன தடவ அளந்தது. அத தள்ளிட்டு ரெண்டாவத எடுக்கணும்" என்பாள். இதைக் கண்டுபிடிக்கவே அவளுக்கு ஒரு வாரம் ஆனது.

ஆயுத பூஜை அன்று காலை கருவி ஒழுங்காக ஓடியது. காய்ந்த வெங்காயத்துக்கு நாற்பது, தண்ணீர் தெளித்தால் இருநூறு. விஜயதசமிக்கு மறுநாள் கல்லூரியில் ஓட்டிக் காட்ட வேண்டும்.

மருந்து தெளிப்பான், மண்வெட்டி, மோட்டார் ஸ்டார்ட்டர், வண்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். அவள் டப்பாவையும் சாமி படத்தின் முன் வைத்தேன். "பொட்டு மட்டும் வச்சிடாதீங்கப்பா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். படிக்கிற பிள்ளையின் ஆயுதம் மட்டும் வெறுமனே இருப்பதா? மேலே வைத்தால்தானே தெரியும். பலகையைத் திருப்பி அடியில் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தேன். மனதார வேண்டிக்கொண்டேன்.

பூஜையில் வைத்ததை மறுநாள் சாமி கும்பிட்ட பிறகுதான் எடுப்போம். எடுத்து ஓட்டினாள். காய்ந்ததோ ஈரமோ, எதற்கும் இருநூற்று ஐம்பத்தைந்து. கம்பியில் சிப் பதிலே பேசாவிட்டால் அந்த எண்தான் வருமாம்.

காலை முழுவதும் புரோகிராமைத் திருத்தினாள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். பொட்டு ஞாபகம் வந்தது. சாமிக்கு வைத்த சந்தனம் கெடுதல் செய்யுமா? செய்யாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வாயைத் திறக்கப் பயம், மூடிக்கொண்டிருக்கவும் பயம்.

சாப்பிடக் கூப்பிட வந்த மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, அதுக்கும் பொட்டு வச்சீங்களா?"

நான் சாப்பிட எழுந்ததும் அவள் மகள் பக்கம் திரும்பினாள்.

"வச்சிருப்பாரு. இந்த வூட்ல அசையாம நின்னா எனக்கே வச்சிடுவாரு."

மகள் பலகையைத் திருப்பினாள். டப்பாவுக்குள் இருந்ததால் சந்தனம் காயாமல், ஈயத்தால் பற்றவைத்த புள்ளிகளுக்கு நடுவே அப்பியிருந்தது. அந்த ஈரம் ஒரு புள்ளியின் மின்சாரத்தை இன்னொன்றுக்குக் கடத்திவிடுமாம். திட்டுவாள் என்று காத்திருந்தேன். பழைய பல் பிரஷ்ஷால் துடைத்து வெயிலில் வைத்தாள். அதன் பிறகு சிப் பேசியது, ஆனால் உளறியது. ஒரே வெங்காயத்துக்குத் தொண்ணூறு என்றது, அடுத்த நொடி நூற்று அறுபது என்றது.

"வேற சிப் வாங்கியாந்துடட்டுமா பாப்பா?"

"திருச்சிக்குத்தான் போகணும். இன்னிக்கி எவன்ப்பா கடை தொறந்திருப்பான்?"

மறுநாள் நானும் அவளோடு பஸ் ஏறினேன். அவள் உள்ளே போனதும் கல்லூரி வாசலில் நின்றேன். முருகா என்று ஆரம்பித்தால் அதற்கு மேல் என்ன கேட்பதென்று தெரியவில்லை. கேட்டதெல்லாம் அன்றே அந்தப் பொட்டோடு கேட்டாகிவிட்டது.

வெளியே வந்தாள்.

"காத்தாடி நின்னு நின்னு சுத்துச்சுப்பா. மார்க்க கொறச்சிட்டாங்க."

"எங்கப்பாதான் காரணம்னு சொன்னியா?"

"புரோகிராம்ல தப்புன்னு சொல்லிட்டேன்."

"அதுல தப்பு இல்லியே பாப்பா."

"பொட்டு வச்சதாலன்னு சொன்னா சிரிப்பாங்க. உங்களப் பத்தி சிரிக்கிறத நான் அங்க நின்னு கேக்கணுமா?"

நானே போய் மார்க் போட்ட சாரிடம் சொல்லிவிடலாமென்று இரண்டடி வைத்தேன். என்னவென்று சொல்வது? சொன்னால் அவள் சொன்னது பொய் என்றாகிவிடும். வாசல் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். அவள் வந்து என் கையை எடுத்து, "பஸ் வந்துடும்ப்பா" என்றாள்.